மந்திரித்த காற்றை என்ன செய்வது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் காரின் வலது முன் டயரிலிருந்து வந்தது. அது வெடித்தது. அப்போது காரில் நான், அப்பா, அம்மா மூவரும் இருந்தோம். திருநெல்வேலியில் உள்ள ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை; இடது கண்ணில் முற்றிக்கொண்டிருந்தது, அன்று அதற்கு ஆபரேஷன். வாகைக்குளத்தைக்கூடத் தாண்டவில்லை. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் அடுத்த வியாழனுக்கு வேறு தேதி கொடுத்தார்கள். அதையும் தவறவிட்டால் புரை கல் மாதிரி இறுகிவிடும், எடுப்பது சிரமம் என்று டாக்டர் போனில் சொன்னார். ஆக, வியாழனுக்குள் நான்கு டயர் தேர்ந்தெடுக்க வேண்டும், மாட்ட வேண்டும், அவற்றில் எதையாவது நிரப்ப வேண்டும், அம்மாவைக் காரில் உட்காரவைக்க வேண்டும். இவற்றில் எது கடினம் என்று இப்போதே ஊகித்துவிட்ட வாசகர் தவறாகத்தான் ஊகித்திருப்பார்.

[வாசகரிடம் இப்படிப் பேசலாமா? வகுப்பில் கேட்க வேண்டும்.]

வகுப்பு என்பது கதை எழுதும் வகுப்பு. செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கிறது. பகலில் நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிறேன். அந்த வேலையில் ஒரு எழுத்து தப்பினால் ஒருவருடைய முந்திரி வேறொருவருடைய நாட்டுக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தில் கதையையும் சரிபார்த்துக்கொண்டே எழுதுகிறேன். அதனால்தான் எந்தக் கதையும் முடிவதில்லை என்று நினைக்கிறேன். [உறுதியாகத் தெரியவில்லை.]

2

எழுதி நீக்கிய தொடக்கங்கள்:

“அன்று கடல் அமைதியாக இருந்தது.” (இந்தக் கதையில் கடல் ஒரு பாத்திரம் அல்ல. டயர் வெடித்த இடத்தில் கடலே கிடையாது.)

“டயர் என்பது ஒரு வட்டம். வாழ்க்கையும்” (இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. வராததே நல்லது.)

“பிளாரன்ஸ் பிடிவாதக்காரி.” (அம்மாவுக்கு இப்போது எழுத்துகள் தெரிவதில்லை. எழுதியதைக் குசினியில் உட்கார்ந்து நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இந்த வரியை வாசித்ததும் அம்மா மீனைக் கழுவுவதை நிறுத்தினாள்.

“யாருளா பிடிவாதக்காரி?”

“கதையில வர்ற அம்மா.”

“அவளுக்கு எதுக்கு எம் பேரு?”

“வேற பேரு தோணல.”

“அப்ப வேற குணம் எழுது.”)

வேறு குணம் எழுத முயன்றேன். சாந்தமான, சொன்னதும் காரில் ஏறுகிற ஒரு பிளாரன்ஸை எழுதினேன். கதை அரைப் பக்கத்தில் முடிந்து, எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். பழைய பிளாரன்ஸையே திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

3

பிரச்சினை காற்றில் ஆரம்பித்தது. இதை ஒழுங்காக விளக்குகிறேன், அவசரப்பட்டால் எங்கள் வீட்டார் பைத்தியக்காரர்கள் போலத் தெரிவார்கள். [நிதானமாக விளக்கினாலும் அப்படித்தான் தெரிகிறது. வாசித்துப் பார்த்துவிட்டேன்.]

மூன்று வருஷத்துக்கு முன் இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் மாதா கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தோம். எங்கள் கரையில் படகு, வீடு, வண்டி, தையல் மெஷின் எது வாங்கினாலும் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிப்பது வழக்கம். அன்று சாமியார் செபம் சொல்லிவிட்டு, பானட்டில் ஒரு தெளி, உள்ளே ஒரு தெளி, பிறகு குனிந்து நான்கு சக்கரங்களிலும் தனித்தனியாகத் தீர்த்தம் தெளித்தார்.

இந்த ‘தனித்தனியாக’தான் அம்மாவின் கட்சி. சக்கரம் மந்திரித்த சக்கரம். அதற்குள் இருக்கும் காற்று மந்திரித்த காற்று. வாகைக்குளத்தில் வெடித்தபோது பின்னால் வந்த உப்பு லாரி எங்களை உரசாமல் போனது அந்தக் காற்றினால். அது தன்னையே கொடுத்து எங்களைக் காப்பாற்றியது. இப்போது மிச்சமிருக்கிற சக்கரங்களின் காற்றையும் கடையில் புஸ்ஸென்று திறந்துவிட்டால்?

“அம்மா, மூணு வருஷத்துல எத்தனை தடவை பங்க்ல காத்து அடிச்சிருக்கோம்? அந்தக் காத்தா இன்னும் இருக்கும்?” என்று கேட்டேன்.

அம்மா அலமாரியைக் காட்டினாள். அதில் தீர்த்தப் பாட்டில் இருந்தது. “அது பாதி ஆனதும் நான் என்ன செய்வேன்?”

“பைப் தண்ணி ஊத்துவீங்க.”

“ஊத்தினா?”

“எல்லாம் தீர்த்தம் ஆயிரும்.”

“ஒரேயடியா காலியாக விட்டாத்தான் போச்சு. காத்தும் அப்படித்தான்.”

 சின்ன வயதிலிருந்து அந்தப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான்தான்.*

வாடகைக் காரில் போகலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அது மட்டும் மந்திரித்த காரா என்று அம்மா கேட்பதற்கு முன் நானே கேட்டேன். “அது யாரு காரோ. அதுக்கு அவன் சாமி உண்டு. நம்ம காரை மந்திரிச்சுட்டு, அது தனக்குள்ள இருந்ததக் கொடுத்துக் காப்பாத்தின பொறவு, வாடகைக்கு ஒருத்தன் வண்டியில ஏறிப் போனா அதுக்கு என்ன தோணும்?” என்றாள் அம்மா. ‘அது’ என்பது காரா, காற்றா, கடவுளா என்று நான் கேட்கவில்லை.

[அம்மாவுக்கு வாசிக்காமல் தாண்டிய பத்தி: எனக்கு ஒரு சந்தேகம். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கிடையாது, முழித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்துதான் காற்றைப் பற்றிய பேச்சும் பெரிதாகியிருக்கிறது. அம்மா டயருக்காகப் பயப்படவில்லை. ஆனால் இப்படி எழுதினால் காற்று வெறும் சாக்காகிவிடும். அம்மா அதை நிஜமாகவே நம்புகிறாள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.]

* ஸ்டெப்னியின் நிலை என்ன என்று பிறகு ஒரு கேள்வி வந்தது. மந்திரித்த அன்று அது டிக்கிக்குக் கீழே இருந்தது, தீர்த்தம் படவில்லை. ‘வண்டிக்குள்ள இருந்துச்சுல்லா, பூசைக்கு வந்து பின்னால நின்ன மாதிரி’ என்று அம்மா அதைச் சேர்த்துக்கொண்டாள்.

4

டயர் தேர்வு செய்த கதை. இந்தப் பகுதி அலுப்பாக இருக்கும் என்று வகுப்பில் எச்சரித்தார்கள். இருந்தாலும் இதைத் தாண்ட மனம் வரவில்லை, நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை இதுதான்.

செந்தூர்வேல் அண்ணாச்சியின் டயர் கடை எட்டயபுரம் ரோட்டில் இருக்கிறது. அப்பாவும் நானும் சனிக்கிழமை போனோம்.

“எங்கன ஓட்டுவிய அண்ணாச்சி? ரோட்லயா, காட்லயா?” என்று அவர் அப்பாவிடம் கேட்டார்.

“எல்லா எடத்துலயும்.”

“ரோட்லதான்,” என்றேன் நான். “ஆபீஸ், கோவில், ஆஸ்பத்திரி. வருஷத்துக்கு ஒருக்க மணப்பாடு திருவிழா.”

“மணப்பாட்ல மணல் கிடக்குல்லா?” என்றார் அப்பா, வெற்றியுடன்.

அப்பாவின் பெயர் கிளாட்வின். துறைமுகத்தில் இழுவைப் படகை நடத்தும் செராங்காக இருந்து ஓய்வு பெற்றவர். இழுவைப் படகின் விளிம்பு முழுக்கப் பழைய டயர்களைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வாழ்நாள் முழுவதும் அவர் டயரைப் பார்த்தது அப்படித்தான். காருக்கு டயர் வாங்கும்போதும் அவருக்கு அதே கேள்விதான்: கப்பல் வந்து இடித்தால் தாங்குமா? கடையில் இருந்ததிலேயே பெரிய பெரிய கட்டைகளாக வெட்டப்பட்ட, மலையேறும் டயர் ஒன்றை முழங்கையால் இடித்துப் பார்த்தார்.

“இது நல்ல மொதலு, இடிச்சாத் தாங்கும்,” என்றார்.

“அது ரோட்ல சத்தம் போடும் அண்ணாச்சி. டீசலும் கூடக் குடிக்கும். ஒங்க வண்டி எந்தக் கப்பல்ல இடிக்கப் போவுது?”

“சொல்ல முடியாதுல்லா.”

நான் டயரின் பக்கவாட்டை வாசித்தேன். 235/65 R17. அகலம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம், உள்ளே ரிம் எத்தனை அங்குலம். காரின் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளிலும் அதே எண்தான். பிறகு, எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான எண். கடைசியாகத் தயாரித்த வாரமும் வருஷமும் நான்கு இலக்கத்தில். இது முக்கியம், ரப்பர் விற்காமல் கிடந்தாலும் கிழடாகும். ஒரு எண்ணை இரண்டு முறை வாசித்துவிட்டு, சரியில்லை என்று தோன்றி மூன்றாம் முறை குந்தி உட்கார்ந்து வாசித்தேன்.

“தங்கச்சி டயர் வாங்குதா, பரீட்சை எழுதுதா?” என்றார் செந்தூர்வேல் அண்ணாச்சி.

கடைசியில், இந்த வருஷம் தயாரித்த, சத்தம் குறைந்த, மழைத் தண்ணீரை ஒதுக்கும் நீள வரிகள் கொண்ட ரோட்டு டயர் நான்கு என்று முடிவானது. அப்பா மலையேறும் டயரைத் தடவிக்கொண்டே விடைபெற்றார். தோற்ற கணக்கை அடுத்த விஷயத்தில் தீர்த்துக்கொண்டார்.

“இதுக்குள்ள என்ன அடிப்பிய?”

“சாதாக் காத்து அடிக்கலாம். நைட்ரஜன் அடிக்கலாம். டயர் சூடாவாது, பிரஷர் சீக்கிரம் எறங்காதும்பாங்க. நாலு டயர் வாங்கினா மொதல் தடவை சும்மா அடிச்சுத் தாறோம். பச்சை மூடி போட்டுருவோம்.”

“காத்துலயே முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன்தானப்பா,” என்றேன்.

“பச்சை மூடி உண்டுமா அதுல?” என்றார் அப்பா.

5

செவ்வாய்க்கிழமை இதுவரை எழுதியதை வகுப்பில் வாசித்தேன். அருணாசலவடிவு அக்கா முதலில் பேசினார். அவருக்கு மட்டக்கடைப் பகுதியில் பலசரக்குக் கடை; கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறவர்.

“ஏளா ஷெர்லின், டயருக்குக் காத்து அடிக்கதுல என்னளா கதை இருக்கு? ஒரு சண்டை இல்ல, ஒரு சாவு இல்ல.”

“சாவு வேண்டாம்க்கா. எங்க அம்மா இதக் கேப்பாங்க.”

“சரி, ஒரு ஆளையாவது கூட்டிட்டு வா. மூணு பேரும் வீட்டுக்குள்ளயே பேசிக்கிட்டிருந்தா கேக்கவங்களுக்கு மூச்சு முட்டுது.”

ஆகவே இப்போது இஞ்ஞாசி மாமா வருகிறார். அவர் அம்மாவின் தம்பி, தருவைகுளத்தில் இருக்கிறார், சங்கு குளித்தவர். எங்கள் ஊரை முத்துநகர் என்கிறார்கள். மாமா வாழ்க்கையில் கடலுக்குள் ஒரு முத்தைக்கூடப் பார்த்ததில்லை. படகில் டீசல் இன்ஜினோடு ஒரு காற்று கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் நீளமான குழாயின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு கீழே போய், சங்கு பொறுக்கி, மேலே வருவார். காது கெட்டுப்போனதும் குளிப்பதை விட்டுவிட்டார். கம்ப்ரசரை மட்டும் விற்கவில்லை.

[இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. கதைக்கு வசதியான ஆள் மாதிரித் தெரிகிறார். ஆனால் அவரை நான் உண்டாக்கவில்லை. அம்மா போன் போட்டாள், அவர் பைக்கில் வந்தார்.]

மாமாவின் முதல் யோசனை, பழைய டயரின் காற்றை ஒரு குழாய் போட்டுப் புது டயருக்கு மாற்றுவது.

“அப்படி மாத்தினா ரெண்டு டயர்லயும் பாதிப் பாதிதான் நிக்கும் மாமா,” என்றேன்.

“பாதி வந்தாப் போதும்லா. மிச்சத்துக்கு என் கம்ப்ரசர்லேருந்து அடிப்போம். பாட்டில்ல தண்ணி ஊத்துத மாதிரி.”

“அதுக்கு நைட்ரஜனே அடிக்கலாம்,” என்றார் அப்பா.

“அத்தான், நைட்ரஜன மூக்குல வச்சா மனுசன் செத்துருவான். என் கம்ப்ரசர் காத்தக் குடிச்சு நான் உயிரோட இருக்கேன். எது நல்ல காத்து?”

“டயர் மூச்சு விடாதுலே மாப்ள!”

“ஒமக்குத் தெரியுமா?”

அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். சரியாகச் சொன்னால், இரண்டு பேரும் இருந்த திசையைப் பார்த்தாள். “சாமியார்ட்ட கேட்டுருவோம்,” என்றாள்.

6

சாமியாருக்கு நான்தான் போன் செய்தேன், ஸ்பீக்கரில் போட்டேன். அவர் எங்கோ பைக்கில் போய்க்கொண்டிருந்தார். நிறுத்தி, முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு தடவை, “யாருக்கு ஆபரேஷன், டயருக்கா?” என்று கேட்டார். பிறகு சொன்னார்:

“பிளாரன்ஸ் அம்மா, மந்திரிச்சது டயரையும் இல்ல, காத்தையும் இல்ல. வண்டியில போறவங்களத்தான். அன்னைக்கு உள்ள உக்காந்திருந்தீங்கள்ல, உங்க மேலதான் அந்த ஆசீர்வாதம். தைரியமாப் போங்க.”

நல்ல பதில். அப்பா நிம்மதியாக எழுந்து சட்டை மாட்டினார். இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நானும் ‘முற்றும்’ என்று எழுதி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அம்மா யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஆசீர்வாதம் எம் மேல இருக்கு.”

“ஆமா.”

“நான் வண்டிக்குள்ள இருந்தா வண்டியில இருக்கு.”

“ஆமா,” என்றேன், எங்கே போகிறாள் என்று தெரியாமல்.

“அப்ப டயரக் கழத்துத நேரம் நான் கீழ எறங்கக் கூடாது. நான் எறங்கி, காத்தும் எறங்கிட்டா, வண்டியில ஒண்ணுமே இருக்காதுல்லா?”

சாமியாரின் பதிலிலிருந்து இதை எப்படி எடுத்தாள் என்று ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தேன். எந்தப் படியிலும் பிழை இல்லை. மொத்தத்தில்தான் பிழை.

7

புதன்கிழமை. நான் ஆபீசில் அரை நாள் லீவு சொன்னேன்.

செந்தூர்வேல் அண்ணாச்சியின் கடையில் காரைத் தூக்க லிஃப்ட் இருக்கிறது. இரண்டு தூண்கள், காரின் அடியில் நான்கு கைகள், சுவரில் ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான். காரை அதில் நிறுத்தினோம். அப்பா இறங்கினார், நான் இறங்கினேன். பின் சீட்டில் அம்மா செபமாலையை எடுத்தாள்.

“அக்கா எறங்கலையா?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“எறங்க மாட்டாங்க,” என்றேன்.

“ஆள் இருந்தா ஏத்தக் கூடாதும்மா. சட்டம்.”

“எந்தக் கோர்ட்டு சட்டம்?” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பா விளக்கினார். நான் விளக்கினேன். அண்ணாச்சிக்குப் பாதி புரிந்ததும் அவர் முகம் மாறியது. அவரும் சாமி கும்பிடுகிறவர். புது டயர் மாட்டிய எல்லா வண்டிக்கும் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார். எங்களுக்கும் எடுத்து மேசையில் வைத்திருந்தார். ஒரு ஆள் வண்டிக்குள் இருந்தாக வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு விபரீதமாகப் படவில்லை. “நாளைக்கு ஆபரேஷன்னா சொன்னிய?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“இடுப்பளவுக்குத்தான் ஏத்துவேன். அதுக்கு மேல முடியாது. அக்கா, உள்ள ஆடக் கூடாது, அசையக் கூடாது. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு.”

“அருள் நெறைஞ்ச மரியே” என்று பதில் வந்தது. அது சம்மதமா, செபமா என்று தெரியவில்லை.

லிஃப்ட் ஏறியது. அம்மா ஏறினாள். ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கி, அதில் அவள் முகம், எங்கள் தலைகளுக்கு மேலே. திருவிழாவில் சப்பரத்தில் வரும் சொரூபம் மாதிரி, கூட்டத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்துக்கொண்டு. [இந்த உவமை சரிதானா? சொரூபங்கள் இப்படி அதட்டுவதில்லை.]

“ஏங்க, அந்தப் பழைய டயர மெதுவாக் கழத்தச் சொல்லுங்க.”

சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. காற்று புஸ்ஸென்று போகும்போதெல்லாம் செபத்தின் சத்தம் கூடியது. அண்ணாச்சி புது டயர்களை ரிம்மில் ஏற்றினார். மூன்றில் நைட்ரஜன் நிரப்பி, பச்சை மூடி திருகி, மாட்டியும் விட்டார். அப்பா ஒவ்வொரு மூடியையும் தொட்டுப் பார்த்தார். நான்காவதுக்குக் குழாயை எடுக்கும்போது ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது.

அதில் இஞ்ஞாசி மாமாவும் கம்ப்ரசரும்.

“நிறுத்துங்கலே!” என்றார் மாமா. இறங்கி, இன்ஜினைக் கயிறு போட்டு இழுத்தார். கடை முழுவதும் கரும்புகை. இன்ஜின் பிடித்தது. மஞ்சள் குழாயை இழுத்துக்கொண்டு வந்து டயரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பிறகு அப்படியே இருந்தார்.

குழாயின் நுனி மனித வாய்க்குச் செய்யப்பட்டது. டயரின் வால்வில் மாட்ட அதில் ஒன்றும் இல்லை. தருவைகுளத்திலிருந்து இத்தனை தூரம் வந்தும் மாமாவுக்கு அது தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்தக் குழாயின் மறுமுனையில் எப்போதும் அவர்தான் இருந்திருக்கிறார்.

“டயருக்கு வாய் கிடையாதுலா அண்ணாச்சி,” என்றார் செந்தூர்வேல்.

“என்னலே அங்கன?” என்றாள் அம்மா மேலேயிருந்து.

“ஒண்ணுமில்லக்கா. வாய் சேரல.”

8

இங்கே அம்மா ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு மாமா சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதினேன். கேள்வி இது:

“ஏலே இஞ்ஞாசி, அடியில கிடக்கும்போது கண்ணத் தொறந்தா வச்சிருப்ப?”

(அ) மாமா கடல் இருந்த திசையைப் பார்த்துவிட்டு, “கடல் நம்மளப் பாத்துக்கிடும்க்கா” என்றார். — பொய். மாமா அப்படிப் பேசுகிறவர் இல்லை. கடை வாசலிலிருந்து கடலும் தெரியாது.

(ஆ) மாமா பதில் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். — அரை உண்மை. துடைத்தார். டீசல் புகை.

(இ) நடந்தது:

“தொறக்காம? கூப்பிட்டாச் சங்கு தானா வருமா?”

“பயமா இருக்காது?”

“இருக்கும். ஆனா கடலப் பாத்து இல்ல. மேல படகுல ஒருத்தன் குழாயப் பாத்துக்கிட்டு நிப்பான்லா, அவன் பீடி குடிக்கப் போயிருவானோன்னுதான்.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் வழியாகக் குனிந்து, முதல் முறையாக அந்த விஷயத்தைச் சொன்னாள்.

“மயக்க மருந்து கிடையாதாம்லே. முழிச்சிட்டே படுத்திருக்கணுமாம். கண்ணு முன்னாலயே கண்ண அறுப்பாங்களாம். அங்கன எனக்கு யாரு குழாய் பிடிப்பா?”

“நாங்க வெளிய நிப்போம்லா,” என்றார் அப்பா.

“நீங்க டீ குடிக்கப் போயிருவிய.”

 நான் பிறந்தபோதும் அப்பா டீ குடிக்கத்தான் போயிருந்தார்; அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“போவ மாட்டேன்,” என்றார்.

“சத்தமாச் சொல்லுங்க.”

“போவ மாட்டேன் பிளாரன்ஸ்!” எட்டயபுரம் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா செபமாலையைச் சுருட்டி மடியில் வைத்தாள். பிறகு, “அந்த நாலாவதுக்கு இஞ்ஞாசி காத்த அடிங்க,” என்றாள். செந்தூர்வேல் அண்ணாச்சி பழைய சாமான்களைக் கிளறி, ஒரு வால்வு முனையைக் கண்டுபிடித்து, மாமாவின் குழாயில் கிளிப் போட்டு இறுக்கினார்.

நான்காவது எந்தச் சக்கரம் என்பதில் நான் ஒரு மாலை முழுவதையும் செலவழித்தேன். இடது சக்கரம் என்று எழுதினால் இடது கண்ணோடு பொருந்தும். வலது முன் சக்கரம் என்றால் வெடித்த டயரோடு பொருந்தும். வகுப்பில் கைதட்டுவார்கள். உண்மையில் அது வலது பின் சக்கரம். எதோடும் பொருந்தவில்லை. அப்படியே விடுகிறேன்.

ஒரு டயரில் கம்ப்ரசர் காற்று, மூன்றில் நைட்ரஜன், என்னாகும் என்று அண்ணாச்சியிடம் தனியாகக் கேட்டேன். “நாலுலயும் அளவு ஒண்ணா இருந்தாச் சரி தங்கச்சி. உள்ள இருக்கது யாருன்னு ரோடு கேக்காது,” என்றார். அளவை நானே பார்த்தேன். பிறகு ஒரு தடவை பார்த்தேன்.

9

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஒன்று. ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்ததும் அம்மா முதலில் பார்ப்பது பச்சை மூடியை. (அப்பாவுக்குப் பிடித்த முடிவு.)

இரண்டு. கார் வல்லநாட்டு மலையைத் தாண்டும்போது உப்பு லாரி மறுபடியும் வருகிறது. (அருணாசலவடிவு அக்கா கேட்ட முடிவு. நான் மறுத்துவிட்டேன்.)

மூன்று. டாக்டர் நல்லபடியாக முடிந்தது என்கிறார். (இதைத்தான் எழுத ஆசை. ஆனால் டாக்டர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.)

ஏனென்றால், இன்றுதான் வியாழன். திருநெல்வேலி. கார் வந்து சேர்ந்துவிட்டது, கீழே வேப்பமரத்தடியில் நிற்கிறது. நான் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இந்த வரியை எழுதுகிறேன். அம்மா உள்ளே இருக்கிறாள். உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கவில்லை. பார்த்தால் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். டீக்காரர் இந்தப் பக்கம் வந்தார். அப்பா அவரைப் பார்க்காமல் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே போவதற்கு முன், நர்ஸ் வந்து கூப்பிட்டபோது அம்மா பச்சை அங்கியில் சின்னதாகத் தெரிந்தாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், கண் மாறிவிடக் கூடாது என்று. சரியான பக்கம்தானா என்று நான் சரிபார்த்தேன். சொட்டு மருந்தில் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கையைத் தடவிப் பிடித்தாள்.

“ஏளா, கதை எதுவரைக்கும் வந்திருக்கு?”

“டயர்க் கடை வரைக்கும்.”

“நான் எங்க இருக்கேன் அதுல?”

“லிஃப்ட்ல. மேல.”

“இன்னும் எறக்கலையா?”

“இல்ல. இப்ப எழுதணும்.”

 நர்ஸ் அவசரப்படுத்தினாள்.

“எறக்காத,” என்றாள் அம்மா. “அங்கனயே இருக்கட்டும். நான் வந்து எறங்கிக்கிடுதேன்.”

கதவைச் சாத்திவிட்டார்கள். ஆகவே இந்தக் கதையில் கார் இன்னும் இடுப்பளவு உயரத்தில்தான் நிற்கிறது. பின் சீட்டில் பிளாரன்ஸ் இருக்கிறாள். கீழே இன்ஜின் ஓடுகிறது, அவள் தம்பி குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவள் கணவர் எங்கேயும் போகவில்லை. லிஃப்ட்டை இறக்கும் பொத்தான் சுவரில் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்களுக்கு அவசரம் இருக்கலாம், வேறு கதைகள் காத்திருக்கலாம்.

தயவுசெய்து அழுத்தாதீர்கள். அவள் வரட்டும்.